ஆறடி மண்ணும் அதற்கொரு பாதையும்

(ஆவுடையார்கோவிலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கோவில் ஊரில் நின்றுகொண்டு இடுகாட்டைப் பற்றிப் பேசலாமா என்று நண்பர்கள் சிலர் தயங்கினார்கள். பேசலாம், பேசவும் வேண்டும். சைவ மடங்களின் வரலாறு ஒருவகையில் சமாதிகளின் வரலாறுதான். ஆதீனத் தலைவர் ஒருவர் பரிபூரணம் அடைந்தால் அவர் திருமேனியை எரிப்பதில்லை. அமர்ந்த கோலத்தில் மண்ணுக்குள் வைத்து, மேலே இலிங்கம் நாட்டி, ஆண்டுதோறும் குருபூசை செய்கிறார்கள். நம் கோவிலை நிர்வகிக்கும் திருவாவடுதுறை ஆதீனத்தின் வழக்கமும் இதுவே. மண்ணில் வைப்பது அமங்கலம் என்றால் குருமூர்த்தங்களில் விளக்கேற்றும் மரபு எங்கிருந்து வந்திருக்கும்?

இந்த ஊரின் கருவறையை நீங்கள் அறிவீர்கள். ஆவுடையார் இருக்கிறது, அதன்மேல் இலிங்கம் இல்லை. அம்மன் யோகாம்பாளுக்கும் திருவடிகள் மட்டுமே. கொடிமரம் இல்லை, நந்தி இல்லை. புழுங்கலரிசிச் சோற்றைச் சுடச்சுடக் கொட்டி, கீரையும் பாகற்காயும் சேர்த்து, எழும் ஆவியை இறைவன் ஆத்மநாதருக்குப் படைக்கிறோம். பாண்டியனுக்குக் குதிரை வாங்க வந்த அமைச்சர் வாதவூரர் இவ்வூராகிய திருப்பெருந்துறையில் குருவைக் கண்டு மாணிக்கவாசகர் ஆனார். தில்லையில் அவர் உடம்போடு ஒளியில் கலந்தார் என்பது புராணம். ஆகவே அவருக்குச் சமாதி என்று ஓரிடம் காட்ட முடியாது. இறைவனுக்கும் உருவம் வேண்டாம், அடியவர் உடம்பும் எஞ்ச வேண்டாம் என்று இருக்கும் ஊர் இது. உடம்பை அழுக்கு நிறைந்த குடில் என்று சொல்லிச் சொல்லி வெறுத்தவர் மாணிக்கவாசகர். அப்படிப்பட்ட மரபு, உயிர் போன உடம்பை என்ன செய்யச் சொல்கிறது?

விடை திருமூலரிடம் இருக்கிறது. அவர் கதையே உடம்பைப் பற்றிய கதை. திருவாவடுதுறைப் பக்கம் சாத்தனூரில் மூலன் என்ற இடையன் மாடு மேய்க்கும்போது இறந்துவிடுகிறான். மாடுகள் அவன் உடம்பைச் சுற்றிச் சுற்றி வந்து, நக்கி, மோந்து, கதறுகின்றன. அவ்வழியே வந்த யோகியால் அந்தத் துயரைத் தாங்க முடியவில்லை. தன் உடம்பை ஓரிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு மூலன் உடம்புக்குள் புகுந்து, மாடுகளை வீடு சேர்க்கிறார். திரும்பி வந்து பார்த்தால் தன் உடம்பைக் காணோம். இரவல் உடம்பிலேயே இருந்து அவர் பாடியது திருமந்திரம் என்று பெரியபுராணம் சொல்கிறது.

அந்தத் திருமந்திரத்தின் முதல் தந்திரத்தில், பிணமாகிவிட்டவனை ஊர் எவ்வளவு விரைவில் மறக்கிறது என்று நெஞ்சைச் சுடும்படி சொல்கிறார். கூடி அழுகிறார்கள், பேரை நீக்கிப் பிணம் என்று பேரிடுகிறார்கள், காட்டில் சுட்டுவிட்டு நீரில் மூழ்கி நினைப்பை ஒழிக்கிறார்கள். ஆனால் ஏழாம் தந்திரத்தில் சமாதிக் கிரியை என்று ஒரு பகுதி வருகிறது. அங்கே பேசுகிறவர் வேறு ஆள் போலிருக்கிறார். ஒரு கொத்தனாரின் கணக்கோடு பேசுகிறார். குழி ஒன்பது சாண் ஆழம். சுற்றிலும் ஐந்து சாண். உள்ளே மூன்று சாணில் முக்கோணமாக ஒரு குகை. பத்மாசனத்தில் இருத்த வேண்டும். அடியில் ஐம்பொன்னும் நவமணியும் பரப்பி, அதன்மேல் ஆசனமிட்டு, தருப்பை விரித்து, திருநீறும் பொற்சுண்ணமும் சொரிய வேண்டும். உணவும் இளநீரும் வைக்க வேண்டும். ஞானியின் உடம்பைத் தீயில் இட்டால் நாட்டில் மழை பொய்க்கும், பஞ்சம் வரும், அரசு ஆட்டங்காணும் என்று எச்சரிக்கவும் செய்கிறார்.

எங்கே வைக்கலாம் என்பதற்கும் பட்டியல் தருகிறார். சொந்த வீடு, சாலை ஓரம், குளக்கரை, ஆற்றங்கரை, பூஞ்சோலை, நகரின் நல்ல இடம், காடு, மலைச்சாரல். மனிதர் புழங்கும் இடமும் உண்டு, புழங்காத இடமும் உண்டு. நல்லவர் ஒருவர் இறந்தால் அவருக்கு ஊரில் எங்கும் இடம் உண்டு என்பது இதன் பொருள்.

உடம்பு பொய் என்று ஓயாமல் சொன்ன மரபு, உடம்பை மண்ணில் வைக்கும்போது சாண் கணக்குப் பார்த்தது ஏன்? உயிரோடிருக்கும்வரை உடம்பை அதன் உரியவர் பார்த்துக்கொள்வார். உயிர் போனபின் அந்த உடம்புக்கு நம்மைத் தவிர நாதி இல்லை. குளிப்பாட்டு என்று கேட்க அதற்கு வாயில்லை. இவ்வளவு போதும் என்று சொல்லவும் வாயில்லை. திரும்பக் கிடைக்கும் என்ற எண்ணமே இல்லாமல் ஒருவருக்குச் செய்யும் கடைசிக் காரியம் இதுதான். இன்று இங்கே நான் சொல்ல வந்ததும் இந்த ஒன்றுதான். ஓர் ஊரின் அறத்தை அதன் திருவிழாவை வைத்து அளக்க வேண்டாம். இறந்தவரை எந்த வழியாகத் தூக்கிப் போகிறார்கள், எங்கே வைக்கிறார்கள், யார் குழி வெட்டுகிறார்கள் என்று பார்த்தால் போதும்.

திருமூலர் இந்த விதிகளை ஞானிகளுக்குத்தான் சொன்னார். அந்தக் கவனத்தை எல்லார்க்கும் நீட்ட வேண்டியது நம் தலைமுறையின் வேலை. நீட்டியவர் ஒருவர் முன்பே இருந்தார். வடலூர் வள்ளலார் 1871-இல் தம் அன்பர்களுக்கு விடுத்த அறிவிப்பில், இறந்தவர் யாராயினும் எரிக்காமல் சமாதியில் வையுங்கள் என்று வற்புறுத்தினார். கூடவே அவர் சொன்னவற்றை இன்று படித்தாலும் மெய் சிலிர்க்கிறது. கணவன் இறந்தால் மனைவியின் தாலியை வாங்க வேண்டாம். மனைவி இறந்தால் கணவன் இன்னொரு கல்யாணத்துக்கு முயல வேண்டாம். கருமாதிச் சடங்கு வேண்டாம், ஒரு நாள் வந்தவர்களுக்குச் சோறு போடுங்கள். ஞானிக்கு மட்டும் இருந்த சமாதியைக் குடியானவருக்கும் கூலிக்காரருக்கும் பொதுவாக்கியது அந்த அறிவிப்பு.

இதற்கு வெகுகாலம் முன்பே தமிழ் மண் புதைத்துப் பழகியது. புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் சித்தன்னவாசல் போனவர்கள் ஓவியத்தையும் சமணப் படுக்கையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அடிவாரத்து வெளியில் கல்வட்டங்களும் கல்லறைகளும் தாழிகளும் பெருங்கற்காலத்திலிருந்து கிடக்கின்றன. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரை 1876-இல் ஜெர்மானியர் ஜாகர் தோண்டினார். பிறகு அலெக்சாண்டர் ரீ தோண்டினார். 114 ஏக்கர் பரப்பில் தாழி தாழியாக மனிதர்கள். அதே மாவட்டத்துச் சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முந்தையது என்று 2021-இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். இறந்தவரோடு நெல்லை வைத்தவர்களின் மண்ணில் இன்றும் வாய்க்கரிசி போடுகிறோம்.

புறநானூற்றில், வழியில் கணவனை இழந்த ஒரு பெண் குயவரிடம் கேட்கிறாள்: தாழியை அகலமாகச் செய்யுங்கள், இவரோடு நானும் அதற்குள் வர வேண்டும். கிள்ளிவளவனுக்குத் தாழி வனையப் போகும் குயவரை நினைத்து ஐயூர் முடவனார் இரங்குகிறார், அத்தனை பெரிய புகழுக்குத் தாழி செய்ய எவ்வளவு மண் வேண்டும் என்று. இரண்டு பாட்டிலும் கவிஞர்கள் துக்கத்தைக் கொண்டுபோய் வைக்கும் இடம் குயவரின் சக்கரம். மன்னனுக்கும் வழிப்போக்கனின் மனைவிக்கும் கடைசி வீட்டைக் கட்டித் தரும் ஆள் அவர்தான் என்று அவர்கள் கண்டிருக்கிறார்கள்.

மணிமேகலை புகார் நகரத்துச் சுடுகாட்டை விரிவாகக் காட்டுகிறது. சுடுவது, வெறுமனே இட்டுவிட்டுப் போவது, குழி தோண்டிப் புதைப்பது, தாழ்ந்த இடத்தில் வைத்து அடைப்பது, தாழியால் கவிப்பது என்று ஐந்து வழக்கங்கள் ஒரே இடத்தில் நடக்கின்றன. இதைச் சொல்லித் தமிழரின் பன்மையைப் பாராட்டும் கட்டுரைகளை நிறையப் படித்திருக்கிறோம். அடுத்த சில அடிகளை யாரும் அவ்வளவாக எடுத்துப் பேசுவதில்லை. துறவிகளுக்கும் அரசர்க்கும் உடன்கட்டை ஏறிய பெண்களுக்கும் எழுப்பிய செங்கல் கட்டடங்கள், நால்வகை வருணத்துக்கும் வேறுவேறாகப் பிரித்து நின்றன என்றும் அதே காப்பியம் சொல்கிறது. மயானத்தில் சாதி பார்ப்பது நேற்று முளைத்த தீமை இல்லை. அதே இடத்தில், இந்த வேறுபாடு எதையும் கூற்றுவன் பார்ப்பதில்லை என்பதும் தெரிகிறது. முதியோர், இளையோர் என்று அவன் பிரிப்பதில்லை.

இனி நம் ஊர்க் காட்டுக்கு வருவோம்.

நம் வட்டாரத்தில் எரிப்பதும் உண்டு, புதைப்பதும் உண்டு. குலத்துக்குக் குலம், குடும்பத்துக்குக் குடும்பம் வழக்கம் மாறும். எரிக்கிற வீட்டாரும் பச்சைக் குழந்தையை எரிப்பதில்லை, மண்ணுக்கே கொடுக்கிறார்கள். இழவு விழுந்த வீட்டில் நீர்மாலை எடுத்து வந்து குளிப்பாட்டுகிறோம். கோடி போர்த்துகிறோம். வாயைக் கட்டி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, நெற்றியில் காசு ஒட்டுகிறோம். பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடிக்கிறார்கள். ஒப்பாரி வைக்கும் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுகிறார்கள். குழிக்கரையில் கட்டுகளை எல்லாம் அவிழ்த்துவிட வேண்டும், அரைஞாண் கயிற்றையும் அறுத்துவிட வேண்டும். எந்தக் கட்டோடும் அவர் போகக் கூடாது. முகத்துத் துணியை விலக்கி, பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு குரல் எழும். தலை தெற்கே இருக்க இறக்குவார்கள். பிறகு பிடிமண்.

இந்தப் பிடிமண்ணை நான் பெரிதாக மதிக்கிறேன். சிதைக்குத் தீ வைப்பவர் ஒருவர். குழியை மூடுவது எல்லார் கையும். பத்து வருடம் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியும் குனிந்து ஒரு பிடி அள்ளிப் போட்டாக வேண்டும். கடன் கொடுத்தவர், கடன் வாங்கியவர், வரப்புச் சண்டை போட்டவர், வெளியூரிலிருந்து ஓடிவந்த மாப்பிள்ளை, எல்லாரும் போடுகிறார்கள். இவர் போனது உண்மை என்று கை ஒப்புக்கொள்கிறது. மனசு ஒப்புக்கொள்ள இன்னும் நாளாகும். மறுநாள் பால் தெளிக்கப் போகும்போது மண் கொஞ்சம் உட்கார்ந்திருக்கும். நாய் தோண்டாமலிருக்க முள் வெட்டிப் போட்டிருப்பார்கள். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்துக்கு இந்தப் பூமியில் போய் நிற்க ஓரிடம் இருக்கிறது.

கடற்கரையோரம் கோட்டைப்பட்டினம் வரை நம்மோடு வாழும் முஸ்லிம்களுக்கு அடக்கம் ஒன்றே வழி. மையித்து எனும் உடலைக் குளிப்பாட்டி, கபன் துணியிட்டு, சந்தூக்குப் பெட்டியில் சுமந்து போகிறார்கள். தோள் கொடுப்பது நன்மை என்பதால் தெருவில் எதிர்ப்படுகிறவரும் சில அடி தூரம் தோள் கொடுக்கிறார். ஜனாஸாத் தொழுகைக்குப் பின் முகத்தை மக்காவின் திசையான கிப்லாவை நோக்கித் திருப்பி வைக்கிறார்கள். வந்தவர் ஒவ்வொருவரும் மூன்று பிடி மண் போடுகிறார்கள். கிறித்தவர்கள் நவம்பர் 2-இல் கல்லறைகளைக் கழுவிப் பூவைத்து மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். மூன்று சமயத்துக்கும் மண்ணுலகம் கடந்த கணக்குகள் வேறு வேறு. குனிந்து மண் அள்ளும் கை ஒன்று போலத்தான் இருக்கிறது.

அரசியலிலும் மண்ணுக்குத் தனி இடம் வந்தது. 1969-இல் அண்ணாவை மெரினாவில் அடக்கம் செய்தார்கள். 1973-இல் பெரியாரைப் பெரியார் திடலில். அதன்பின் மெரினாவிலேயே எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி. 2018-இல் கருணாநிதிக்கு அண்ணாவின் பக்கத்தில் இடம் கேட்டு இரவோடிரவாக உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்ததை நாம் பார்த்தோம். ஒரு தலைவருக்கு எங்கே ஆறடி என்பதற்காக மாநிலமே விழித்திருந்த இரவு அது. அந்தத் தவிப்பு எனக்குப் புரிகிறது. அதே தவிப்பு ஒரு கூலித் தொழிலாளிக்கு இடம் மறுக்கும்போது ஏன் வருவதில்லை என்பதுதான் புரியவில்லை.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடிக்குப் பக்கத்தில் தலித் ஒருவரின் உடலைத் தங்கள் நிலத்து வழியே கொண்டுபோக ஆதிக்க சாதியினர் விடவில்லை. உறவினர்கள் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து உடலைக் கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். அந்தக் காட்சி நாடெங்கும் பரவிய பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. 2020 ஏப்ரல் 19 அன்று சென்னையில் கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரை அடக்கம் செய்யப் போனபோது கூட்டம் கூடித் தடுத்தது, ஆம்புலன்ஸைத் தாக்கியது. நள்ளிரவில் இன்னோர் இடுகாட்டில் அவருடைய சக மருத்துவர் தாமே மண்வெட்டி பிடித்துக் குழியை மூட வேண்டியதாயிற்று. பல உயிர்களைக் காப்பாற்றியவருக்கு ஊர் தந்த விடை அது. அடுத்த வாரமே அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. இப்படிப்பட்ட அடக்கத்தைத் தடுத்தால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை.

அதே ஆண்டில் பாக்கு நீரிணைக்கு அப்பால் இன்னொரு கொடுமை நடந்தது. இலங்கை அரசு, கொரோனாவில் இறந்த எவரையும் எரித்தே ஆக வேண்டும் என்று விதித்தது. உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் தங்கள் தாய் தந்தையரைத் தீயில் பார்த்தன. பிறந்து 20 நாளே ஆன ஒரு சிசுவையும் பெற்றோர் சம்மதமின்றி எரித்தார்கள். மக்கள் கொழும்பு பொரளை மயானத்து வேலியில் வெள்ளைத் துணி கட்டித் தங்கள் எதிர்ப்பைச் சொன்னார்கள். 2021 பிப்ரவரி இறுதியில்தான் அரசு இறங்கி வந்தது. மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் 3,000-க்கும் மேற்பட்டோரை அடக்கம் செய்தார்கள். அவர்களில் முஸ்லிம்களோடு பௌத்தர்களும் இந்துக்களும் கிறித்தவர்களும் உண்டு. கட்டாய எரிப்புக்காக அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது 2024 ஜூலையில். மன்னிப்பை வாங்கிக்கொண்டு அந்தத் தாய் என்ன செய்வாள்? அவளுக்குப் போய் நிற்க ஓரிடம் இல்லையே.

இறந்த பிள்ளைக்கு ஓரிடம் தரும் கவனம் மிகப் பழையது. கென்யாவில் பாங்கா யா சைதி என்ற குகையில், சுமார் 78,000 ஆண்டுகளுக்கு முன் இறந்த மூன்று வயதுகூட நிரம்பாத குழந்தையின் புதைகுழியை 2021-இல் அறிவித்தார்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, துணியோ தோலோ போல எதிலோ சுற்றி, தலைக்கு ஏதோ அணை கொடுத்திருக்கிறார்கள். தலையணை மட்கிப்போனதால் தலை சரிந்திருந்த விதத்தைக் கொண்டு ஆராய்ச்சியாளர்கள் அதை உணர்ந்தார்கள். எழுத்தில்லை, ஏர் இல்லை, ஊர் என்றே ஒன்றில்லை. பிள்ளையின் தலை நோகக் கூடாது என்ற நினைப்பு இருந்திருக்கிறது.

நம்மிடம் எழுத்தும் ஏரும் ஊரும் சட்டமும் இருக்கின்றன. 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம், இடுகாடு சுடுகாடு அமைத்துப் பராமரிப்பதை ஊராட்சியின் கடமையாக வைத்திருக்கிறது. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், மயானங்களில் சாதிப் பெயர்ப் பலகைகளை அகற்றி எல்லார்க்கும் பொதுவாக்கச் சொன்னது. சாதி வேறுபாடற்ற மயானம் உள்ள சிற்றூர்களுக்கு 10 லட்ச ரூபாய் ஊக்கத்தொகை என்று அரசு அறிவித்தது. பணம் தந்து ஊக்குவிக்க வேண்டிய நிலையில் நாம் இருக்கிறோம் என்பதே எனக்கு வேதனை. இருந்தாலும் அது வரட்டும்.

நம் வட்டாரம் கண்மாய்ப் பாசன வட்டாரம். ஐப்பசி கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்து வாய்க்கால் புரண்டால் சேரிக்காரர்களின் காட்டுக்குப் போகும் வரப்பு தண்ணீருக்குள் போய்விடும். இடுப்பளவு தண்ணீரில் பாடையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு போகும் படங்கள் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் மழைக்கு மழை வருகின்றன. ஊர்க்காரர்களின் காட்டுக்குச் சிமெண்டுச் சாலையும் கொட்டகையும் அடிகுழாயும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே சில நூறு அடி தூரம்தான்.

குழி வெட்டுகிறவரைப் பற்றியும் சொல்லாமல் போனால் இந்தப் பேச்சு முழுமையாகாது. இழவு சொல்லிப் போவதும் பறை அடிப்பதும் குழி வெட்டுவதும் பரம்பரைக் கடமை என்று ஒரு சாதியின் தோளில் ஏற்றிவைத்தோம். கொடுப்பதோ அரைச் சாராயமும் வாய்க்கரிசியில் மீந்ததும் கொஞ்சம் சில்லறையும். அவர் வெட்டிய குழியில்தான் நம் பாட்டன் பாட்டி படுத்திருக்கிறார்கள். அவர் வீட்டில் சாவு விழுந்தால் அதே காட்டில் அவருக்கு இடமில்லை. இதைவிடப் பெரிய நன்றிகேடு எனக்குத் தெரியவில்லை. மண்ணை வெட்டத் தெரிந்தவர் யாரும் செய்யலாம் என்று ஊராட்சி அதைக் கூலி நிர்ணயித்த வேலையாக்க வேண்டும். கையுறையும் காலணியும் தர வேண்டும். விரும்பாதவர் மறுக்கும் உரிமையும் வேண்டும். மறுத்ததற்காக யாரையும் ஊர் தள்ளிவைக்கக் கூடாது.

இந்த அவையில் நிலம் உள்ளவர்கள் இருக்கிறீர்கள். ஊராட்சிப் பொறுப்பில் இருப்பவர்களும் இருக்கிறீர்கள். ஆத்மநாதர் சந்நிதியில் கை கூப்பிவிட்டு வந்திருக்கும் உங்களிடம் கேட்கிறேன். உங்கள் வயலோரத்தில் பாடை போகிற அகலத்துக்கு, எட்டடி போதும், ஒரு பாதையை எழுதிக் கொடுங்கள். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் ஊருக்கு ஒரே மயானம் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். ஒரு சாவு விழுந்து, ஊர் இரண்டாக நின்று, போலீஸ் வந்தபிறகு பேசுவது கடினம். யாரும் சாகாத ஒரு நல்ல நாளில், எல்லாரும் உட்கார்ந்து, இதை முடித்துவிடுங்கள்.